அமைச்சரின் ஹார்ட்டும் அடைத்த கானும்

போன இதழின் கடைசிப் பக்கத்தில், "அரசாங்கமும் அரசியல்வாதிகளும் பேஸ்புக், டிக்டொக் என்று நம்மோடு பேச வந்துவிட்டார்களே, அதைப் பற்றிக் கேட்க ஏதும் இருந்தால் எழுதுங்கள்" என்று ஒரு வரி போட்டிருந்தேன். இவ்வளவு கோபம் வந்து விழும் என்று நினைக்கவில்லை. வந்த கடிதங்களில் பாதி கேள்வியே இல்லை, வெறும் திட்டுத்தான். மிச்சத்தில் பொறுக்கியது கீழே.

மட்டக்குளியிலிருந்து ஒரு வாசகி: எங்கள் ஒழுங்கையில் கான் அடைத்து நாலு மாதமாகிறது. எங்கள் பகுதி அரசியல்வாதி ஒருவரின் பேஸ்புக் பக்கத்தில் படத்தோடு ஆறு தடவை கமென்ட் போட்டேன். ஒரு தடவை ஹார்ட் விழுந்தது. இன்னொரு தடவை "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று வந்தது. கான் அப்படியே நாறுகிறது. இனி என்ன செய்வது?

அக்கா, அந்த ஹார்ட்டைப் போட்டது அவராக இருக்காது. இப்படியான பக்கங்களை அநேகமாக இரண்டு மூன்று இளம் பிள்ளைகள் நடத்துவார்கள், சில இடங்களில் மாதக் கட்டணத்துக்கு ஒரு விளம்பரக் கம்பனி நடத்தும். திறப்பு விழாப் படத்தை அழகாகப் போடுவது, பிறந்தநாள் வாழ்த்துக்கு நன்றி சொல்வது, இவைதான் அவர்களுடைய வேலை. கானைப் பற்றி மாநகர சபையில் யாரிடம் சொல்வது என்று அவர்களுக்குத் தெரியாது, சொல்லச் சொல்லி யாரும் சம்பளம் கொடுக்கவும் இல்லை. அந்த 'நன்றி' தானாகப் போகிற பதில். நீங்கள் "நாசமாய்ப் போக" என்று எழுதியிருந்தாலும் அதே நன்றிதான் வந்திருக்கும்.

முறைப்பாடு என்றால் அதற்கு ஒரு திகதி வேண்டும், ஓர் இலக்கம் வேண்டும், வாங்கிய ஆள் ஒருவர் வேண்டும். கமென்ட்டுக்கு இதில் ஒன்றும் கிடையாது, நாளைக்கு அதை அழித்துவிட்டால் நீங்கள் கேட்டதற்கே சாட்சி இல்லை. ஆகவே சபைக்குக் கடிதம் எழுதுங்கள், இரண்டு பிரதி. ஒன்றைக் கொடுத்து மற்றதில் சீல் வாங்குங்கள், இல்லாவிட்டால் பதிவுத் தபாலில் அனுப்பி அந்தச் சிட்டையை வைத்திருங்கள்.

போன வருஷம் எங்கள் தெரு விளக்குக்காக நானும் ஓர் அலுவலகத்துக்குப் போனேன், எது என்று வேண்டாம். கவுண்டரில் இருந்த பிள்ளை கடிதத்தை வாங்கி ஒரு தட்டில் போட்டுவிட்டு போனைப் பார்க்கத் தொடங்கியது. நான் நகரவில்லை. "பிரதியில் சீல் வேண்டும் தங்கச்சி" என்றேன். ஒரு பெருமூச்சு. பிறகு லாச்சியைத் திறந்து சீலை எடுத்தது. அதன் திகதி மூன்று நாள் பிந்தி நின்றது, விரலால் சக்கரத்தை உருட்டிச் சரிசெய்து, மை காய்ந்துபோன பெட்டியில் நாலு தரம் ஒற்றி, குத்தித் தந்தது. பாதி வட்டம்தான் விழுந்தது. ஆனால் அந்தப் பாதி வட்டத்தைக் காட்டித்தான் மூன்று கிழமைக்குப் பிறகு மேலே இருந்தவரிடம் பேச முடிந்தது.

கடிதத்துக்கும் அசையவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, 2016 இன் 12 ஆம் இலக்கம், நடைமுறைக்கு வந்தது 2017 பெப்ரவரியில். "ஏன் துப்புரவு செய்யவில்லை" என்று கேட்காதீர்கள், அதற்கு வியாக்கியானம்தான் வரும். இந்த ஒழுங்கைக் கான் கடைசியாகத் துப்புரவு செய்யப்பட்ட திகதி என்ன, இந்த வருஷம் அதற்கு ஒதுக்கிய பணம் எவ்வளவு, என் கடிதத்தின் மேல் எடுத்த நடவடிக்கைக் குறிப்பின் பிரதி தாருங்கள், இப்படிக் கேளுங்கள். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று நீங்கள் காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் ஆணைக்குழு.

அப்போ கமென்ட்டே போடக் கூடாதா என்று கேட்பீர்கள். போடுங்கள், ஆனால் கடிதம் கொடுத்த பிறகு, சீல் குத்திய பிரதியின் படத்தோடு போடுங்கள். திகதியும் சீலும் உள்ள கமென்ட்டைக் கண்டால் பக்கம் நடத்துகிற அந்தப் பிள்ளைக்கும் கொஞ்சம் பயம் வரும், மேலே யாருக்காவது அனுப்பிவிடும்.

வத்தளையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்: ஓய்வூதியம் கூடுகிறது என்று ஒருவர் பேஸ்புக் லைவில் சொன்னார். வங்கியில் போனைக் காட்டிக் கேட்டேன், சிரிக்கிறார்கள். பொறுப்பில் இருப்பவர் சொன்னால் சொன்னதுதானே?

இல்லை சேர். ஓய்வூதியம் கூட வேண்டுமானால் சுற்றறிக்கை வர வேண்டும், வரி, கட்டணம், ஊரடங்கு போன்ற காரியங்களுக்கு வர்த்தமானி வர வேண்டும். வங்கிப் பிள்ளை பார்ப்பது அதைத்தான். லைவில் சொன்னது ஒரு மனிதர் சொன்னது, அவ்வளவுதான்.

ஆனாலும் உங்கள் கேள்வி அவ்வளவு அப்பாவித்தனமானது என்று நான் சொல்ல மாட்டேன். 2020 செப்டெம்பரில் பதுளை மாவட்டத்தில் ஒரு கிராமத்துக்குப் போன அன்றைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ, தான் வாயால் சொல்வதையே சுற்றறிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று அதிகாரிகளிடம் சொன்னவர். எல் சல்வடோரில் நயீப் புக்கேலே 2019 இல் பதவிக்கு வந்த கையோடு, இன்னாரை வேலையிலிருந்து நீக்குங்கள் என்று டுவிட்டரிலேயே கட்டளை போடத் தொடங்கினார். சனம் ரசித்தது. ஒரு வரியில் வேலை போகிறவருக்குத்தான் அதில் ரசிக்க ஒன்றும் இருந்திராது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2022 இல் நாம் எரிபொருள் வரிசையில் படுத்துக் கிடந்தபோது, எரிசக்தி அமைச்சராக இருந்த காஞ்சன விஜேசேகர எந்தக் கப்பல் வருகிறது, கையிருப்பில் எவ்வளவு தொன் இருக்கிறது என்று டுவிட்டரில் போட்டுக்கொண்டிருந்தார். பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான், ஆனால் எண் எண்தானே. மூன்று சில்லு ஓட்டுகிறவர்கள்கூட அதைப் பார்த்துவிட்டுத்தான் வரிசையில் நிற்பதா வீட்டுக்குப் போவதா என்று முடிவெடுத்தார்கள். அரசாங்கம் இந்தப் போனுக்குள் வந்ததால் எனக்குக் கிடைத்த பயன் என்று யோசித்தால் முதலில் ஞாபகம் வருவது அந்தத் தொன் கணக்குத்தான். வாக்குறுதியைப் பார்த்து யாரும் டீசல் அடிக்க முடியாது.

வெள்ளவத்தை வாசகர்: அமைச்சர் ஒருவரின் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டேன், கெட்ட வார்த்தை ஒன்றும் இல்லை. புளொக் செய்துவிட்டார். மக்கள் பிரதிநிதி மக்களை புளொக் செய்யலாமா?

அமெரிக்காவில் இதற்கு வழக்கே நடந்திருக்கிறது. டிரம்ப் ஜனாதிபதியாக இருந்துகொண்டு தன்னை விமர்சித்தவர்களை டுவிட்டரில் புளொக் செய்தது அரசியலமைப்புக்கு முரண் என்று 2019 இல் நியூயோர்க்கிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 2021 இல் அவர் பதவியில் இல்லாததால் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை இரத்துச் செய்துவிட்டது. பிறகு 2024 மார்ச்சில், மிச்சிகன் மாநிலத்துச் சிறு நகரம் ஒன்றின் நிர்வாகி தன் பேஸ்புக்கில் ஒருவரை புளொக் செய்த வழக்கில், அதே உச்ச நீதிமன்றம் இரண்டு கேள்வி வைத்தது. அரசின் சார்பில் பேச அந்த ஆளுக்கு உண்மையில் அதிகாரம் இருந்ததா? குறிப்பிட்ட அந்தப் பதிவில் அந்த அதிகாரத்தைக் கொண்டுதான் பேசினாரா? இரண்டுக்கும் ஆம் என்றால்தான் அது அரசின் பக்கம், இல்லையென்றால் அவருடைய வீட்டுத் திண்ணை.

நம்முடைய சிக்கல் அந்தத் திண்ணைதான். அமைச்சின் பெயரில் ஒரு பக்கம் இருக்கும், இருநூறு பேர் பார்ப்பார்கள். அமைச்சரின் சொந்தப் பெயரில் இன்னொன்று இருக்கும், இலட்சக்கணக்கில் பார்ப்பார்கள், அறிவித்தல் எல்லாம் அதில்தான் முதலில் வரும். அரச வாகனத்தில் போய், அரச கூட்டத்தில், சில வேளை அரச சம்பளம் வாங்குகிற படப்பிடிப்பாளர் எடுத்த படத்தைச் சொந்தப் பக்கத்தில் போடுகிறார்கள். பதவி போனால் பங்களாவையும் வாகனத்தையும் திருப்பிக் கொடுக்க வேண்டும், அந்த இலட்சம் பேரை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். அடுத்த தேர்தலுக்கு அதுதான் மூலதனம்.

நீங்கள் செய்யக் கூடியது: அதே கேள்வியை அமைச்சின் பக்கத்தில் கேளுங்கள், பிறகு மட்டக்குளி அக்காவுக்குச் சொன்ன வழியில் எழுத்திலும் கேளுங்கள். தபாற்காரரை யாரும் புளொக் செய்ய முடியாது.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஓர் அம்மா: ஜனாதிபதியே பேசுகிற வீடியோ ஒன்று வந்தது. ஐம்பதாயிரம் ரூபா போட்டால் மாதாமாதம் வருமானமாம். மகன் பொய் என்கிறான். குரல் அவருடைய குரல்தானே?

மகன் சொல்வதைக் கேளுங்கள் அம்மா. குரலையும் வாயசைவையும் இப்போது செயற்கை நுண்ணறிவில் செய்கிறார்கள். கலைஞர் கருணாநிதி 2018 ஓகஸ்டில் காலமானவர், 2024 ஜனவரியில் சென்னையில் ஒரு புத்தக விழாவில் திரையில் வந்து வாழ்த்துப் பேசினார். அது கட்சிக்காரர்கள் தெரிந்தே செய்தது, பார்த்தவர்களுக்கும் தெரியும். உங்களுக்கு வந்ததைச் செய்தவன் கள்ளன். எந்த நாட்டுத் தலைவரும் வீடியோவில் வந்து உங்களிடம் காசு கேட்க மாட்டார், அவர்கள் வரியாகவே எடுத்துக்கொள்வார்கள். லிங்கை அழுத்தி வங்கி விவரம் ஏதும் கொடுத்திருந்தால், இந்த இதழை மூடிவிட்டு இப்போதே வங்கிக்குப் போன் எடுங்கள்.

கொம்பனித்தெரு வாசகர்: அரசியல்வாதியின் பதிவுக்கு வந்த பதில்களில் உங்களுக்கு மறக்க முடியாதது?

2022 மே 9. பிரதமரின் அலரி மாளிகையிலிருந்து வந்த கூட்டம் காலிமுகத்திடலில் போராட்டத்தில் இருந்தவர்களை அடித்துக்கொண்டிருந்த அன்று, பிரதமர் மஹிந்த ராஜபக்ஷ பொதுமக்கள் நிதானமாக இருக்க வேண்டும் என்று ஒரு டுவீட் போட்டார். அதன் கீழேயே குமார் சங்கக்கார, வன்முறை செய்தது உங்கள் ஆதரவாளர்கள் மட்டும்தான், அவர்கள் முதலில் உங்கள் அலுவலகத்துக்கு வந்துவிட்டுத்தான் அடிக்கப் போனார்கள் என்று எழுதினார். பிரதமர் அன்றே பதவி விலகினார். டுவீட்டால் விலகினார் என்று சொல்ல நான் தயாரில்லை, ஆனால் ரூபவாஹினி மட்டும் இருந்த காலத்தில் பிரதமரின் அறிக்கைக்குக் கீழே யார் ஒரு வரி எழுதியிருக்க முடியும்?

தெஹிவளை வாசகி: அரசாங்கப் பக்கங்களில் தமிழ் ஏன் இவ்வளவு மோசம்? வந்தாலும் பிந்தி வருகிறது, வந்ததும் வாசிக்க முடியவில்லை.

இதற்கு மட்டும் எனக்கு ஒரு முழு இதழ் வேண்டும். ஒரு மழை நாளில் நான் எழுதி வைத்தது இது, எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை. சிங்கள எச்சரிக்கை காலை 6 மணிக்கு. ஆங்கிலம் ஒன்றரை மணித்தியாலம் கழித்து. தமிழ் மாலை 4 மணிக்கு, அதுவும் படமாக. அந்தப் படத்தில் "வெள்ளம்" என்ற சொல் "வளெ்ளம்" என்று இருந்தது, கொம்பு போய் எழுத்தின் தப்பான பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. தமிழ் தெரியாத ஒருவர் தமிழ் வரியை எடுத்துத் தன் டிசைன் மென்பொருளில் ஒட்டினால் இப்படித்தான் எழுத்து உடையும், அவருடைய கண்ணுக்கு உடைந்ததும் உடையாததும் ஒன்றுதான். அனுப்பும் முன் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரு ஆளைக் கூப்பிட்டு ஒரு தடவை காட்டியிருந்தால் போதும். ஒரு ஆள், பத்து வினாடி.

படமாகப் போடுவதே பாதிப் பிழை. எழுத்தாகப் போட்டால் போனே மொழிபெயர்த்துக் கொடுக்கும், கண் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டும், நாளைக்குத் தேடினாலும் கிடைக்கும். படத்துக்குள் போன எழுத்தை இப்படி எடுப்பது லேசில்லை.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து 600 பேருக்கு மேல் செத்த நாட்களில், புறக்கோட்டைக் கடைகளில் வேலை செய்கிற மலையகப் பிள்ளைகள் சிங்களத்தில் வந்த மண்சரிவு அறிவித்தலை வாசித்து, வாய்ஸ் மெசேஜில் தமிழில் சொல்லி, பதுளைக்கும் நுவரெலியாவுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். துணிக்கடையில் ஒரு பையன், ஒரு கையில் அளவுகோல், மறு கையில் போன், "அம்மா, மேல் லயத்தில இருக்காதீங்க, ஸ்கூலுக்குப் போங்க" என்று மூன்று தரம் அதையே சொன்னான். லைன் கிடைக்கவில்லை, மெசேஜில் ஒற்றை டிக்தான் விழுந்தது. அன்று அந்தப் பையன் செய்தது அரசாங்கத்தின் வேலை.

சட்டத்தில் குறை இல்லை. 1987 இன் 13 ஆம் திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி என்று அரசியலமைப்பின் 18 ஆம் உறுப்புரையில் வந்துவிட்டது. 1991 சட்டத்தின் கீழ் அரச கரும மொழிகள் ஆணைக்குழு இருக்கிறது, மொழி உரிமை மீறல் என்று யாரும் முறைப்பாடு செய்யலாம். அந்தப் பதிவை ஸ்கிரீன்ஷொட் எடுங்கள், நேரம் தெரியும்படி. மூன்று மொழியையும் பக்கத்துப் பக்கமாக வைத்து அச்சடித்து அனுப்புங்கள். நான் இரண்டு அனுப்பியிருக்கிறேன். ஒன்றுக்குப் பதில் வந்தது, தமிழில், பிழையில்லாமல்.

பம்பலப்பிட்டி மாணவர்: டிக்டொக், பேஸ்புக்கை மட்டும் வைத்துத் தேர்தலில் வெல்ல முடியுமா சேர்?

தம்பி, அதற்கு மிகக் கிட்ட வந்தவர் யாழ்ப்பாணத்தில் இருக்கிறார். 2024 ஜூலையில் சாவகச்சேரி வைத்தியசாலையிலிருந்து பேஸ்புக் லைவ் போட்ட வைத்தியர் இராமநாதன் அர்ச்சுனா, அதே வருஷம் நவம்பர் 14 பொதுத் தேர்தலில் சுயேச்சையாக நின்று நாடாளுமன்றம் போனார். பின்னால் பழைய கட்சி இல்லை, பத்திரிகை இல்லை. அவரை உனக்குப் பிடிக்குமோ பிடிக்காதோ, அது நடந்தது. ஆனால் அதே தேர்தலில் 159 ஆசனம் எடுத்த தேசிய மக்கள் சக்தியைப் பார். போனில் நல்ல வேலை செய்தார்கள், உண்மை. அதோடு பல வருஷமாக ஊர் ஊராகக் கூட்டம் போட்டவர்களும் அவர்கள்தான். அதை டிக்டொக்கில் யாரும் பார்ப்பதில்லை.

நம்முடைய வேட்பாளர்கள் இன்னொன்றில் ஏமாறுகிறார்கள். லைக் போடுகிறவர் ஸ்காபரோவில் இருக்கிறார், வாக்குச் சீட்டு சங்கானையில் இருக்கிறது. வெளிநாட்டில் இருந்துகொண்டு நம் தேர்தலில் வாக்களிக்க வழி இல்லை. இருபதாயிரம் லைக் எடுத்து இருநூறு வாக்கு எடுத்தவர்களும் இருக்கிறார்கள், பெயர் சொன்னால் சண்டைக்கு வருவார்கள்.

காசு விஷயத்தையும் கவனி. 2023 இன் 3 ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டப்படி, முடிவு வந்து 21 நாட்களுக்குள் வேட்பாளர் கணக்குக் காட்ட வேண்டும். 2024 ஜனாதிபதித் தேர்தலில் ஒரு வாக்காளருக்கு 109 ரூபா என்று உச்சவரம்பு வைத்தார்கள். சுவரொட்டி என்றால் எண்ணலாம். பேஸ்புக் விளம்பரத்தை வேட்பாளர் தன் பெயரில் போடாமல் 'ஆதரவாளர்கள்' பெயரில் போட்டால்? மெட்டா நிறுவனம் ஆட் லைப்ரரி என்று ஒன்றைத் திறந்து வைத்திருக்கிறது, எந்தப் பக்கம் எந்த அரசியல் விளம்பரத்தைப் போட்டது என்று யாரும் போய்ப் பார்க்கலாம். உன் வயதுப் பிள்ளைகள் நாலு பேர் உட்கார்ந்து ஒரு தொகுதிக்கு அதைச் செய்தால் நான் இந்தப் பக்கத்திலேயே போடுகிறேன்.

ஆமர் வீதி வாசகர்: நீங்கள் எந்த அரசியல்வாதியைப் பின்தொடர்கிறீர்கள்?

மழை எப்போது வரும் என்று சொல்கிறவர்களை. சொன்னது பிழைத்தாலும் எதிர்க்கட்சி மேல் பழி போடுவதில்லை.

மருதானை வாசகர்: கலவரம் என்றால் உடனே பேஸ்புக், வட்ஸ்அப்பைத் தடை செய்கிறார்களே, அதில் பலன் உண்டா?

பல தரம் பார்த்துவிட்டோம், மூன்றை மட்டும் சொல்கிறேன். 2018 மார்ச்சில் கண்டி திகன பக்கம் முஸ்லிம்கள் மேல் தாக்குதல் நடந்தபோது ஒரு கிழமை. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுகளுக்குப் பிறகு ஏப்ரல் 30 வரை. 2022 ஏப்ரல் 3 இல் ஆர்ப்பாட்டத்தைத் தடுக்க, பதினைந்து மணித்தியாலம்.

முதலாவதற்கு ஒரு நியாயம் இருந்தது என்று நான் இன்றும் சொல்வேன். அப்போது சிங்களத்தில் வெறுப்பாக எழுதியதைக் கவனித்து அகற்ற பேஸ்புக்கிடம் போதிய ஆட்களே இல்லை, 2020 இல் அவர்களே மன்னிப்புக் கேட்டார்கள். ஆனால் உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடைப் பக்கம் சொந்தக்காரர் இருந்தவர்களுக்கு வட்ஸ்அப் இல்லாமல் போனது என்னவென்று என்னிடம் கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து ஒரே வீட்டு லேண்ட்லைனுக்குப் பதினொரு பேர் எடுக்கிறார்கள், எல்லாருக்கும் ஒரே கேள்வி. வதந்தியை நிறுத்துகிறோம் என்று உயிரோடு இருக்கிறேன் என்ற செய்தியையும் நிறுத்திவிட்டார்கள். வதந்தி நின்றதா? அது வாயால் போனது.

2022 தடையைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். அப்போது அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்ஷவே, நான் இப்போது வீ.பி.என். (போன் வேறு நாட்டில் இருப்பதுபோல் காட்டித் தடையைத் தாண்டவைக்கிற செயலி) வழியாகத்தான் இதை எழுதுகிறேன், இந்தத் தடைகளால் பயனில்லை என்று டுவீட் போட்டார். அமைச்சரவையில் இருந்துகொண்டு! எங்கள் மாமி அந்தக் கிழமைதான் வீ.பி.என். போடப் பழகினார், இன்றைக்கும் அதை அணைக்கத் தெரியாமல் அவருடைய போன் சிங்கப்பூரில் இருக்கிறது. நேபாளத்தில் இன்னும் மோசம். 2025 செப்டெம்பர் 4 இல் 26 தளங்களை மூடினார்கள், 8 ஆம் திகதி பிள்ளைகள் தெருவுக்கு வந்தார்கள், அந்த முதல் நாளில் மட்டும் 19 பேர் செத்தார்கள், அடுத்த நாள் பிரதமர் ஒலி பதவி விலகினார். தடை மட்டும் காரணம் இல்லை, ஊழல் மேல் இருந்த கோபம் பழையது. மூடியைப் போட்டு அழுத்தியது அவர்.

கிராண்ட்பாஸ் வாசகர்: அரசியல்வாதியைத் திட்டிப் பதிவு போட்டால் பிடிப்பார்களா?

திட்டுவதற்கும் விமர்சிப்பதற்கும் இடையில் எங்கே நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 2024 இன் 9 ஆம் இலக்க நிகழ்நிலை (ஒன்லைன்) காப்புச் சட்டத்தில் 'பொய்க் கூற்று' என்ற சொல்லை எவ்வளவு தூரமும் இழுக்கலாம் என்பதுதான் அதை எதிர்த்தவர்களின் பயம், என்னுடையதும். 2020 ஏப்ரலில் ஓய்வுபெற்ற அரச ஊழியர் ஒருவரை ஒரு முகநூல் பதிவுக்காக வேறொரு சட்டத்தின் கீழ் பிடித்து ஐந்து மாதம் உள்ளே வைத்தார்கள். 2023 இல் உச்ச நீதிமன்றம் அந்தக் கைது சட்டவிரோதம் என்று சொல்லிப் பத்து இலட்சம் ரூபா நட்டஈடு கொடுக்கச் சொன்னது. நியாயம் கிடைத்தது, மூன்று வருஷம் கழித்து. அரசியல்வாதி செய்ததைப் பற்றிக் கேளுங்கள், எண்ணை வைத்துக் கேளுங்கள். அவருடைய அம்மாவை விட்டுவிடுங்கள்.

ஜிந்துப்பிட்டி வாசகி: உங்கள் கேள்வி-பதில் பகுதிக்கு பேஸ்புக் பக்கம் இல்லையா? இன்பொக்ஸில் கேள்வி அனுப்பினால் லேசாக இருக்குமே.

இருந்தது. ஆறு மாதம் ஒரு தம்பி நடத்தினார். எல்லாக் கேள்விக்கும் ஹார்ட் போட்டிருந்தார், ஒன்றையும் எனக்குக் காட்டவில்லை. கடிதமே எழுதுங்கள்.